கொக்கியின் கழுத்தில் ஒரு கோடு

சேலம், நாமக்கல் பக்கத்தில் பொருள்களை மட்டும் படம் பிடிக்க ஸ்டுடியோ கட்டிய முதல் ஆள் நான். கல்யாணம் எடுக்க மாட்டேன், காதுகுத்து எடுக்க மாட்டேன். மனிதன் அசைவான், பொருள் அசையாது. எனக்கு அசையாததுதான் ஒத்துவரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இதைச் செய்தேன். ஜன்னலே இல்லாமல் கட்டடம் எழுப்பச் சொன்னபோது கொத்தனார், "ஏனுங்க, இது பேங்குங்களா, செயிலுங்களா?" என்று கேட்டார். வெளிச்சத்தைப் பிடித்து அடைக்கிற செயில் என்றேன்.

விளக்கு மாட்டும் கம்பங்களை நானே வெல்டிங் வைத்தேன். வெளிச்சத்தைப் பரப்புகிற ஸ்டுடியோக் குடை வாங்க வக்கில்லாத காலத்தில் எட்டு முழ வேட்டியைக் கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதற்குப் பின்னால் விளக்கை வைத்தேன். வெள்ளிக் கொலுசைப் படம் எடுத்தால் எடுப்பவன் மூஞ்சி அதில் தெரியும். என் மூஞ்சி தெரியாமல் எடுத்தேன். வெள்ளைத் தட்டில் வெள்ளை ஜவ்வரிசியைக் கொட்டி, ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிய எடுத்தேன். சென்னையில் படித்துவிட்டு வந்தவர்கள் அதை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள்.

இத்தனையும் என் கை வேலை. எவரும் சொல்லித் தரவில்லை. இந்தப் பத்திரிகையில் இந்த வாரம் எழுதப் போவதும் என் கை வேலைதான். அதையும் எவரும் சொல்லித் தரவில்லை.

மேஜையில் கிடந்தது

மாசி மாதம் என்று நினைவு. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. மேஜையில் கறுப்புத் துணி விரித்திருந்தேன். அதன் மேல் ஓர் இரும்புக் கொக்கி.

ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் குழாயைத் தூக்கி நிறுத்துகிற கொக்கி அது. கைக்குழந்தை கனம் இருக்கும். பெயின்ட் அடிக்காமல், மெருகு போட்டு, எண்ணெயைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கழுத்தில் 31 என்று எண் குத்தியிருந்தது. திருச்செங்கோட்டு ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற வேலுச்சாமி தன் சாமான்களுக்கெல்லாம் ஒரு கேட்டலாக் போடுகிறார். அட்டைக்கு இந்தக் கொக்கி.

மேலே வேட்டி வழியாக ஒரு விளக்கு வைத்தேன். உருவம் வந்தது, ஆனால் இரும்பு ரப்பர் மாதிரி இருந்தது. கனம் இல்லை. இன்னொரு சின்ன விளக்கை இடதுபக்கம் கொண்டுவந்து, மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்தேன். அப்போதுதான் இரும்பு இரும்பாயிற்று. சுத்தியல் அடித்த அடியெல்லாம் எழுந்து நின்றது. அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல ஒரு முறைப்பு வந்தது. அரை நாள் ஆயிற்று அந்த இடத்துக்கு வர.

கழுத்து வளைகிற இடத்தில், உள்பக்கம், ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி கனம். விளக்கைத் தூக்கினேன், காணவில்லை. இறக்கினேன், வந்துவிட்டது.

கட்டை விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். கோட்டின் மேல் வந்ததும் நகம் தட்டி நின்றது.

பட்டி பார்த்த கண்

கேமராவைத் தொடும் முன் பன்னிரண்டு வருடம் நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற இடத்தில் உப்புத்தாள் தேய்த்தவன். தகரத்தின் மேல் பள்ளம் நிரப்பப் பட்டி பூசுவார்கள், காய்ந்ததும் தேய்க்க வேண்டும். சரியாகத் தேய்த்தோமா என்று பகல் வெளிச்சத்தில் தெரியாது. ஒரு டியூப்லைட்டைக் கழற்றி, ஒயரோடு கையில் பிடித்து, லாரியின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மேடு, பள்ளம், கோடு, எல்லாம் எழுந்து வரும். ஷாக் அடித்து ரெண்டு தடவை விழுந்திருக்கிறேன்.

நான் வெளிச்சம் வைக்கக் கற்றது அங்கேதான். விளக்கைத் தாழ்த்தினால் பொருள் உண்மையைச் சொல்லும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னது இல்லை.

ஆனால் இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். கோடு தெரிந்தால் பட்டி வை, தேய், பெயின்ட் அடி. அது எங்கே இருந்து வந்தது, உள்ளே எவ்வளவு போகிறது என்று பெயின்ட் கொட்டகையில் ஒருவனும் கேட்க மாட்டான். பாடியைத் தாங்குகிற சட்டம் வேறு ஆள் பொறுப்பு. எங்கள் பொறுப்பு மேல்தோல். பன்னிரண்டு வருடத்தில் ஆயிரம் கோடுகளை மறைத்திருப்பேன். மறைத்ததற்கு முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

சிவப்பு வட்டம்

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பொருள் படத்தில் வேலை இரண்டாகப் பிரியும். வெளிச்சம் வைத்து எடுப்பது ஒரு பாதி. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தூசி நீக்கி, நிறம் சரிசெய்து, பின்னணியைச் சுத்தம் செய்வது மறு பாதி. முதல் பாதி நான். மறு பாதி மல்லிகா.

மல்லிகா எடப்பாடிக்காரர். சேலை பார்டருக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர், கணவரோடு இங்கே குடிவந்தபோது என்னிடம் சேர்ந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். நிறம் பார்ப்பதில் என் கண்ணைவிட அவர் கண் ஒரு படி மேல். இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அவர் சேர்ந்த புதிதில் ஒரு வம்பு வந்தது. சேலத்துக் கொலுசு ஒன்றில், சங்கிலி சேருகிற இடத்தில் பற்றவைத்த பொட்டு இருந்தது. தூசி என்று நினைத்து அழித்துவிட்டார். கொலுசுக்காரர் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே கத்தினார்.

"என்னுங்க இது! பத்தவெச்ச எடத்தையே காணோம். என்ற கொலுசு காத்துல தொங்குதுங்களா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குது. இதே மாதிரி செஞ்சு குடுன்னு நாளைக்கு ஒருத்தன் வருவான். நீங்க வந்து செஞ்சு குடுப்பீங்களா?"

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். எடுத்த படத்தைத் தாளில் அடித்து, எது எது போக வேண்டுமோ அதைச் சிவப்புப் பென்சிலால் நான் வட்டம் போடுவேன். வட்டத்துக்குள் இருப்பது போக வேண்டும். வெளியே இருப்பதைத் தொடக் கூடாது. "வட்டத்துக்கு நான் பொறுப்பு. சுத்தத்துக்கு நீ பொறுப்பு" என்றேன். அதற்கப்புறம் ஒரு புகார் வந்ததில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறேன்.

பத்தடி தூரம்

கொக்கிப் படத்தில் ஐந்தாறு வட்டம் போட்டேன். தூசி, விரல் ரேகை, துணியில் ஒட்டிய நூல். கடைசியாகக் கழுத்தில் இருந்த கோட்டுக்கும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மல்லிகா தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்ணா, இந்த உள்வளைவுல போட்டிருக்கற வட்டம் வேணுமுங்களா?"

"ஏன், வட்டம் கோணலா இருக்குதா?"

"அதில்லீங்ணா. பெருசு பண்ணிப் பாத்தேன். கீறல்னா மேலாப்புல ஓடும். இது உள்ளுக்கு எறங்கற மாதிரி இருக்குதுங்க. வேலுச்சாமியண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அழிக்கலாமுங்களா?"

"அம்மிணி, இரும்பைப் பத்தி எனக்கே பாடமா? நான் லாரிக்குள்ள வளந்தவன். நீ பூப்போட்ட பார்டர்ல வளந்தவ. வட்டம் போட்டாச்சு, எடுத்துப்போடு."

அவர் நகரவில்லை. தலை குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, இன்னும் நிக்கற?"

"சரிங்ணா" என்று போய்விட்டார்.

வேலுச்சாமி அப்போது முன்னறையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். "மச்சான், இங்க வா, இதைப் பாரு" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார்.

ஏன் கூப்பிடவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பதில் ரொம்பச் சின்னது. விரிசல் என்று தெரிந்தால் அந்தக் கொக்கியை எடுத்துக்கொண்டு போய் வேறு கொக்கி கொண்டுவருவார். அதன் வளைவு வேறாக இருக்கும். அரை நாள் வைத்த வெளிச்சம் வீணாகும். நான் வைத்த வெளிச்சங்களிலேயே அது பெரிய வெளிச்சம். அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

கேட்டலாக் வந்தது. வேலுச்சாமி அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். "மச்சான், இரும்பை இப்படி எவன் காட்டுனான்? கையை வெச்சாச் சுடுமாட்ட இருக்குது" என்றார். படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பட்டறைச் சுவரில் மாட்டினார். கொக்கி திரும்பிப் போயிற்று. மற்றக் கொக்கிகளோடு சேர்த்து அதற்கும் மஞ்சள் பெயின்ட் அடித்து விற்றுவிட்டார்கள். கோடு முதலில் படத்தில் போயிற்று, அப்புறம் பெயின்டுக்குள் போயிற்று.

ராசு

ராசுவை எனக்குத் தெரியும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஊர். போர் வண்டியில் குழாய் ஏற்றி இறக்குகிற ஆள். ஒருதரம் அவர் முதலாளியின் துளைபோடும் சாமான்களைப் படமெடுக்கத் தோளில் தூக்கிக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வந்தார். வேலை முடிகிற வரைக்கும் ஓயாமல் பேசினார்.

"என்னையும் ஒண்ணு புடிச்சு உடுங்க. நானும் இரும்புதானுங்க."

"நான் மனுசனை எடுக்கறதில்லைப்பா."

"எங்கூட்டுல நீ மனுசனான்னுதானுங்க தினமும் கேக்கறா. அப்ப எடுக்கலாமில்ல?"

சிரித்தேன். எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம், தண்ணீர் வற்றிப்போன ஒரு தென்னந்தோப்பில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலாக இறக்குகிற பெரிய குழாயைத் தூக்கி நிறுத்தினார்கள். ராசு அடியில் நின்று குழாயின் வாயைக் குழிக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். கொக்கி கழுத்தில் முறிந்தது. குழாய் சாய்ந்து அவர் நெஞ்சின் மேல் விழுந்தது. வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

செய்தி வந்தபோது நான் மஞ்சள் கிழங்குக்கு வெளிச்சம் வைத்துக்கொண்டிருந்தேன். முழுப் படத்தையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எந்தக் கொக்கி என்று அப்போது எனக்குத் தெரியாது.

அட்டைப்படம் சாட்சி சொன்னது

சில நாள் கழித்து வேலுச்சாமி போன் போட்டார். "மச்சான், ஒரு எட்டு பட்டறைக்கு வந்து நில்லு. ஒண்ணும் பேச வேண்டாம்."

போனேன். சாக்கு விரித்து அதன் மேல் இரண்டு துண்டாகக் கொக்கி. மஞ்சள் பெயின்டைச் சுரண்டி எண்ணைப் பார்த்திருந்தார்கள். 31. போர் வண்டி முதலாளி நின்றார். பக்கத்தில் ராசுவின் மனைவி சரசு. பொட்டில்லாத நெற்றி.

வேலுச்சாமி கேட்டலாக்கை எடுத்து நீட்டினார். "நம்பரைப் பாருங்க. இதே கொக்கிதான். என்ற பட்டறையை உட்டுப் போறப்ப எப்படி இருந்துச்சுன்னு நல்லாப் பாருங்க. முடி அளவு கோடு இருக்குதுங்களா? தாங்காத கனத்தை ஏத்தியிருக்கறான். கோணல்ல தூக்கியிருக்கறான். இரும்பு என்ன பண்ணும்?"

எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். அவ்வளவு சுத்தமான இரும்பு. என் வெளிச்சத்தில் ஒவ்வொரு அடியும் தெரிந்தது. இவ்வளவும் தெரிகிற படத்தில் கோடு இருந்தால் அதுவும் தெரிந்திருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

சரசு என்னிடம் திரும்பினார்.

"படம் புடிச்சது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப கொக்கி நல்லாத்தான் இருந்துச்சுங்களா? எங்கூட்டுக்காரரு தப்பாத் தூக்கிப்போட்டாருன்னு ஊரே பேசுதுங்க. பதினெட்டு வருசம் தூக்குன ஆளுங்க அவரு."

வேலுச்சாமி என்னைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்துல இருக்கறதுதானுங்க அம்மிணி" என்றேன்.

பொய் என்று எவரும் சொல்ல முடியாத பேச்சு. அதைவிட அழுகிய பேச்சை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை. சரசு தலையை ஆட்டிக்கொண்டார். புருசன்தான் தப்புச் செய்தார் என்று அந்த நிமிஷம் அவரே நம்பினார். நான் நம்ப வைத்தேன்.

"பாக்கலாம்"

மறுநாள் மல்லிகா கேட்டார்.

"அழிக்காத படம் நம்மகிட்ட இருக்குதுங்ணா. குடுத்துரலாமுங்களா?"

"பாக்கலாம்."

"செத்தவரு மேல பழி நிக்குதுங்க."

"பாக்கலாம்னு சொன்னேனில்ல?"

மூன்று வாரம் பாக்கலாம் என்றேன். தினமும் காலையில் அவர் கேட்பார், நான் விளக்கைத் துடைத்துக்கொண்டே பாக்கலாம் என்பேன். அப்புறம் ஒருநாள் அவர் கேட்கவில்லை. விபத்தை விசாரிக்க வந்த அதிகாரியிடம் தானே போய் அழிக்காத படத்தைக் கொடுத்துவிட்டார்.

"இதை அழித்தது யார்?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"நான்தானுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அறிக்கை வந்தது. கொக்கியில் விரிசல் முன்பே இருந்தது என்று அதில் எழுதியிருந்தது. ராசு மேல் இருந்த பழி நீங்கியது. அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. விரிசல் படத்தில் மறைந்தது கணினித் திருத்தப் பணியாளரின் கவனக்குறைவு. அடைப்புக்குறிக்குள் மல்லிகாவின் பெயர்.

வேலுச்சாமி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொம்பள அழிக்காம உட்டிருந்தா நானே படத்துல பாத்துக் கொக்கியைத் தூக்கி எறிஞ்சிருப்பேனே" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். தன் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் முன் ஒருவரும் பார்க்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து சேலம் வரை அவர் பேச்சு போயிற்று. "அந்தம்மா கை வெக்கறதா இருந்தா வேண்டாமுங்க, வேற ஆள் இருந்தாச் சொல்லுங்க" என்று என்னிடமே கேட்டார்கள். நான் ஆளை மாற்றவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

மல்லிகாவே வேலையிலிருந்து நின்றுகொண்டார். கடைசி நாள், கம்ப்யூட்டரை அணைத்து, உறை போட்டு மூடினார். மேஜை டிராயரிலிருந்து, நான் வட்டம் போட்ட கொக்கிப் படத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எதுக்கு அம்மிணி என்ற பேரைச் சொல்லாம உட்ட?" என்று கேட்டேன்.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்ணா. யாரு அழிச்சதுன்னுதான் கேட்டாங்க. யாரு மொதல்ல பாத்ததுன்னு ஒருத்தரும் கேக்கலைங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார்.

என் பங்கு

இப்போது மல்லிகா எடப்பாடியில் ஒரு துண்டு நெய்கிற இடத்தில் மடித்துக் கட்டும் வேலை செய்கிறார். ஒருதரம் போய்ப் பார்த்தேன். "வாங்கண்ணா" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பக்கத்துப் பெண் ஒரு துண்டை எடுத்து, இது எந்த நிறத்தோடு சேரும் என்று கேட்டார். மல்லிகா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். நான் வந்த விஷயத்தைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அப்புறம் சட்டையை மாற்றிக்கொண்டு அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். தாளை மேஜையில் வைத்தேன்.

"வட்டம் போட்டது நானுங்க. எழுதிக்குங்க."

அவர் வட்டத்தைப் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கமே தள்ளினார். "பெரியவரே, அறிக்கை மேல போயிருச்சுங்க. வயசான காலத்துல எதுக்கு நீங்களா வந்து மாட்டிக்கறீங்க? ஊட்டுக்குப் போங்க."

இன்னும் இரண்டு தடவை போனேன். மூன்றாம் தடவை அவர் சீட்டில் வேறு ஆள் இருந்தார். ஃபைல் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

என் மகன் இதை எழுத வேண்டாம் என்கிறான். வேலுச்சாமி போன் போட்டு, "ஆறிப்போனதைக் கெளறாதே மச்சான்" என்கிறார். யாருக்கு ஆறிப்போயிற்று என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையில் நான் கட்டியதையும் எடுத்ததையும் ஜெயித்ததையும் எழுதினேன். ஒன்றையும் ஆசிரியர் வெட்டவில்லை. இதையும் வெட்டக் கூடாது.

அந்தக் கொக்கிக்கு வெளிச்சம் வைத்தவன் செல்லமுத்து. விளக்கைத் தாழ்த்திக் கோட்டைப் பார்த்தவன் செல்லமுத்து. நகம் தட்டியது செல்லமுத்துவுக்கு. வட்டம் போட்டவனும், இது விரிசல் என்று சொன்னவரை வாயடைத்து அனுப்பியவனும் செல்லமுத்து. சரசுவின் முகத்துக்கு நேரே மழுப்பியவனும் நானே. மல்லிகா செய்தது நான் சொன்னதை மட்டும்.

அந்த அறிக்கை எந்த அலமாரியில் கிடந்தாலும் எடுங்கள். அந்த வரியில் இருக்கிற பெண்ணின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். அது எனக்குச் சேர வேண்டியது. கவனக்குறைவு என்று போட்டிருக்கிறீர்களே, அதையும் அடியுங்கள். நான் நன்றாகக் கவனித்துத்தான் செய்தேன்.